ஷிஃப்ட் வேலையால் ஞாயிறு பூசை தவறுகிறது, நற்கருணை வாங்கலாமா?

கேள்வி: மூன்றாம் ஷிஃப்ட், ஓசூர்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

நான் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். ஒன்பது ஆண்டுகளாக ஓசூர் சிப்காட்டில், வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மனைவி தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இந்த ஆண்டு புதுநன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணை அப்பத்தை முதல்முறையாக, வாங்க வேண்டியவள். மறைக்கல்வி வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

எங்கள் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்டுகள் வாரந்தோறும் மாறும். எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. இரவு ஷிஃப்ட் முடிந்து ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தால், எட்டு மணிப் பூசைக்குப் புறப்படலாம் என்று கட்டிலில் உட்கார்ந்தவன் விழிக்கும்போது மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். காலை ஷிஃப்ட் வாரத்தில் ஐந்தரைக்கே பேருந்து ஏற வேண்டும். மனைவியின் பணிநேரமும் இதே போல மாறுவதால், நாங்கள் நால்வரும் ஒன்றாகக் கோயிலில் உட்கார்ந்தது கடைசியாக உயிர்ப்புப் பெருவிழாவன்றுதான்.

என் தந்தை விவசாயி. ஞாயிறும் கடன் திருநாளும் முழுப் பூசை காண வேண்டும் என்பது திருச்சபையின் கட்டளை, தவறினால் சாவான பாவம் என்று சொல்லியே எங்களை வளர்த்தார். அந்தப் பயத்தால் ஐந்து மாதங்களாக நற்கருணை வாங்காமல் இருக்கிறேன். எப்போதாவது பூசைக்குப் போனாலும் எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது நான் இடத்திலேயே முழந்தாளிட்டிருப்பதை மகள் கவனிக்கிறாள். போன வாரம் மறைக்கல்வி ஆசிரியை, யார் யார் வீட்டில் எல்லோரும் பூசைக்கு வருகிறீர்கள் என்று கேட்டபோது தான் கையைத் தூக்கவில்லை என்று வீட்டில் வந்து சொன்னாள். இரவு செபமாலையும் நின்றுவிட்டது. நான் வீட்டில் இருக்கும் நாளில் தொடங்கினால், மனைவிக்கு அடுப்படியில் வேலை இருக்கிறது என்று அவள் வருவதில்லை. அதில் எனக்குக் கோபம் வந்து, செபத்துக்குப் பதில் சண்டைதான் நடக்கிறது.

வேலையைப் பற்றிப் பெரிய குறை ஒன்றும் இல்லை. மணிக்கு ஐந்து உருப்படியை எடுத்து அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். விடியற்காலையில் உற்பத்தி நெருக்கும்போது எல்லோரும் செய்வதைப் போல முந்தைய பக்கத்து அளவுகளைப் பார்த்துச் சிறிது மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அது வேறு விஷயம். என் கேள்வி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியதுதான். இந்த வேலையில் இருந்துகொண்டு கத்தோலிக்கனாக வாழ முடியுமா? நான் நற்கருணை வாங்கலாமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ், கிருஷ்ணகிரி

தம்பி, முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவன் நான். உங்களைப் போன்ற எத்தனையோ பேரை அந்தச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

முதலில் திருச்சபையின் சட்டத்தைப் பார்ப்போம். 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247ஆம் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாட்களிலும் திருப்பலியில் பங்கேற்கும் கடமையைச் சொல்கிறது. அதற்கு அடுத்த சட்டத்தைத்தான் நம் வீடுகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த நாளிலோ அதற்கு முந்தைய நாள் மாலையிலோ, எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் எங்கே நடக்கும் திருப்பலியில் பங்கேற்றாலும் அந்தக் கடமை நிறைவேறிவிடும். ஆகவே சனிக்கிழமை மாலைப் பூசை உங்களுக்கு ஞாயிறு பூசைதான். ஓசூரில் இருக்கும் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2017இல் கேரளத்துக் கத்தோலிக்க வழிபாட்டு முறையான சீரோ மலபார் சபைக்கு ஓசூர் பெயரிலேயே ஒரு மறைமாவட்டம் ஏற்படுத்தப்பட்டது. அவர்களுடைய பூசையாகிய குர்பானாவில் கலந்துகொண்டாலும் கடமை தீர்ந்தது. மலையாளம் புரியாவிட்டாலும் அப்பமும் இரசமும் புரியும்.

இவற்றில் எதற்குமே வழியில்லாத வாரமும் வரும். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2181ஆம் எண்ணில், நோய், கைக்குழந்தையைப் பராமரித்தல் போன்ற தக்க காரணம் உள்ளவர்களுக்கு இந்தக் கடமை இல்லை என்றும், பங்குத்தந்தை விலக்கு அளிக்கலாம் என்றும் தெளிவாகச் சொல்கிறது. குடும்பத் தேவையும் சமூகத்துக்கு இன்றியமையாத பணியும் ஞாயிறு ஓய்விலிருந்து விலக்குத் தரும் என்று 2185ஆம் எண் சொல்கிறது. உங்கள் மனைவி ஞாயிறன்று நோயாளியின் படுக்கையருகே நின்றால் அவர் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. தக்க காரணத்தால் தவறிய பூசைக்காக நீங்களே உங்களுக்குத் தண்டனை விதித்து நற்கருணையிலிருந்து விலகி நிற்க வேண்டியதில்லை. ஐந்து மாதப் பயத்தை இணையத்தில் எழுதித் தீர்க்க முடியாது. அலுவலக நேரம் பார்க்காமல் பங்குத்தந்தையிடம் போய் ஷிஃப்ட் அட்டவணையைக் காட்டிப் பேசுங்கள், பாவசங்கீர்த்தனமாகிய ஒப்புரவு அருட்சாதனமும் பெற்றுக்கொள்ளுங்கள்.

இனி தொழிற்சாலைப் பக்கம். நான் வேலையில் இருந்த காலத்தில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒருவரை ஞாயிறன்று வேலை வாங்கினால் அதற்கு முந்தைய அல்லது பிந்தைய மூன்று நாட்களில் ஒரு முழுநாள் விடுமுறை தர வேண்டும் என்று கூறியது. எனவே உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை தருவதில் நிர்வாகத்தின் மேல் குற்றம் காண முடியாது. ஆனால் பண்டிகை விடுமுறை வேறு கதை. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் தொழிலாளிக்கு உரியதாக்கியது. ஆண்டுத் தொடக்கத்தில் அந்தப் பட்டியல் போடும்போது நம் ஆட்கள் வாயே திறப்பதில்லை. பட்டியல் ஒட்டிய பிறகு புனித வெள்ளி இல்லையே என்று என்னிடம் வந்து நிற்பார்கள்.

பட்டியலைவிடப் பயனுள்ளது ஆள் மாற்றிக்கொள்வதுதான். எங்கள் பிரிவில் இருந்த ஓர் இந்து நண்பரும் நானும் பதினெட்டு ஆண்டுகள் இப்படிச் செய்தோம். ஆடிப்பெருக்குக்கு அவர் குடும்பத்தோடு ஒகேனக்கல் போகும் நாளும் தீபாவளிக்கு முந்தைய இரவும் என்னுடையவை. பாஸ்கா திருவிழிப்பு இரவும் கிறிஸ்து பிறப்பு இரவும் அவருடையவை. யாருக்கும் மனு எழுதவில்லை. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்துக்கொண்டோம்.

மறுமொழி 2: வழிப்போக்கன், தருமபுரி

ஞாயிறன்று வேலை வாங்கும் இடத்தில் இறைவனுக்கு இடம் இல்லை. அந்த வேலையை விட்டுவிடுங்கள். அவர் வேறு வழி காட்டுவார்.

மறுமொழி 3: பாலக்கோடு ஆசிரியை

வழிப்போக்கன் ஐயாவுக்கு ஒன்று. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டிய ஒருவருக்கு வேலையை விடச் சொல்வது எளிது. யோர்தானில் திருமுழுக்குப் பெற வந்த வரிதண்டுபவர்களும் படைவீரர்களும் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, திருமுழுக்கு யோவான் யாரையும் வேலையை விடச் சொல்லவில்லை. குறித்த அளவுக்கு மேல் தண்டாதீர்கள், யாரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்காதீர்கள், உங்கள் ஊதியமே போதும் என்றிருங்கள் என்றார். லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது.

நான் எழுத வந்தது செபமாலையைப் பற்றி. சகோதரரே, உங்கள் மனைவி செபத்துக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்து அடுப்படி வேலை என்ன, அதில் யார் கைகொடுக்கிறார்கள் என்று எழுதவில்லையே.

நான் திருமணமாகி வந்த வீட்டில் என் மாமனார் இரவு சரியாக எட்டு மணிக்கு ஐம்பத்து மூன்று மணிச் செபத்தைத் தொடங்குவார். முன்னறையில் பாய் விரித்து ஆண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் அடுப்பங்கரையில் களி கிண்டிக்கொண்டிருப்பேன். கேழ்வரகு மாவைக் கொட்டிய பிறகு கை நிற்கக் கூடாது. நின்றால் கட்டி கட்டியாகிவிடும், அதற்கும் பேச்சு வாங்க வேண்டும். முன்னறையிலிருந்து அருள்நிறை மரியே வாழ்க என்று வந்து சேரும். கோலை இரண்டு காலுக்கு நடுவே பானையில் ஊன்றிச் சுழற்றியபடியே நான் பின்பாதியைக் கத்திச் சொல்வேன். பின்பாதி காதில் விழவில்லை என்றால் மாமனார் செபத்தை நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்ப்பார். அவர் நல்ல மனிதர், இறைப்பற்று மிக்கவர், ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் அந்தப் பதினொரு ஆண்டுகளில் ஒரு நாள்கூட அந்தப் பாயில் நான் உட்கார்ந்து செபமாலை சொன்னதில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் அவர் இறந்த பிறகுதான் தோன்றியது.

இப்போது எங்கள் வீட்டில் எட்டு மணிக்கு முதலில் பாத்திரம் கழுவப்படுகிறது. கணவர் கழுவுவார், மகன் துடைப்பான். கடைசித் தட்டைக் கவிழ்த்த பிறகு மேசை விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு செபமாலையில் ஒரே ஒரு பத்துமணி மட்டும் சொல்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. ஒவ்வொருவரும் அன்று மனத்தில் இருக்கும் ஒருவருக்காக வேண்டிக்கொள்கிறோம். என் மகன் மூன்று நாட்களாகத் தன் கணக்கு ஆசிரியருக்குக் காய்ச்சல் குணமாக வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்ததும் அப்படித்தான் தெரிய வந்தது. குடும்பத்தைப் பற்றி 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய மடலில், நாள்தோறும் சில நிமிடங்கள் ஒன்றாக ஆண்டவர் முன் கூடி, நம்மை வருத்துவதை அவரிடம் சொல்வதே போதும் என்ற கருத்தில் ஒரு பகுதி இருக்கிறது. சில நிமிடங்கள் என்றுதான் அவரும் சொல்கிறார்.

ஷிஃப்டினால் எட்டு மணி உங்களுக்கு முடியாது. நீங்கள் இரவு வேலைக்குப் புறப்படும்போது பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு மூவேளைச் செபத்தை நீங்கள் தொழிற்சாலையிலும் அவர் வார்டிலும் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளலாம். பங்கில் அண்டை வீட்டார் சேர்ந்து செபிக்கும் எங்கள் அன்பியத்தில் ஓட்டுநர் ஒருவரும் அவர் மனைவியும் இப்படித்தான் செய்கிறார்கள். அவர் லாரியோடு எங்கே இருந்தாலும் அந்த நேரத்தில் இருவரும் ஒரே செபத்தில் இருக்கிறார்கள்.

மறுமொழி 4: மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்

டைம் ஆபீஸ் ஐயா சொன்ன சட்டத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் விலக்குகளை இவ்வளவு தாராளமாக எடுத்துச் சொல்லும்போது ஞாயிறு என்ற நாளே கையிலிருந்து நழுவிப் போவதையும் பார்க்கிறேன். பிரான்சு நாட்டில் அலென்சோன் ஊரில் கடிகாரக் கடை வைத்திருந்த லூயி மார்ட்டின் ஞாயிறன்று கடையைத் திறக்க மறுத்தார். வியாபாரம் குறையும் என்று நண்பர்கள் சொல்லியும் கேட்கவில்லை. அவருடைய மனைவி செலியோ பெண்களை வேலைக்கு அமர்த்திச் சரிகைப் பின்னல் தொழில் நடத்தியவர். ஒன்பது குழந்தைகள் பிறந்து, நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார்கள். கடைக்குட்டிதான் குழந்தை இயேசுவின் புனித தெரேசாள். அந்தக் கணவன் மனைவி இருவரையும் 2015 அக்டோபர் 18 அன்று ஒன்றாகப் புனிதர்களாக அறிவித்தார்கள். கடையைத் திறக்காமல் இருப்பது முதலாளியின் கையில் இருந்தது, தொழிலாளியின் கையில் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அதனால்தான் தோப்புக்காரனாகிய நான் என்னைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

மே மாதம் தொடங்கி ஜூலை வரை எங்களுக்கு ஞாயிறு கிடையாது. பெங்களூரா மாங்காய் பருவத்துக்கு வந்துவிட்டால் ஆண்டவருடைய நாள் என்று மரத்தில் காத்திருக்காது. கூழ்த் தொழிற்சாலையின் வண்டியும் காத்திருக்காது. அறுவடைக் காலத்து ஞாயிறுகளுக்குப் பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டேன், கொடுத்தார். ஐந்தாறு ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு நாள் அவரே என்னைக் கேட்டார்: உங்களுக்கு விலக்குத் தந்தேன், உங்கள் தோப்பில் தொரட்டி பிடிப்பவர்களுக்கு எந்த நாள் ஓய்வு? என்னிடம் பதில் இல்லை. அவர்களில் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்களுக்குப் பூசை இல்லை என்பதால் ஓய்வும் வேண்டாம் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். மூன்றாம் கட்டளை வந்த இடத்தைப் படித்துப் பாருங்கள். உன் வேலையாளும், உன் கால்நடையும், உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனும் ஓய்ந்திருக்க வேண்டும் என்றுதான் விடுதலைப் பயண நூலில் எழுதியிருக்கிறது.

அதைவிடப் பெரிய தவறு கூலியில் இருந்தது. தொழிற்சாலை ஒன்று காய்க்குப் பணம் தர நாற்பது நாள் இழுத்தடிக்கும்; நானும் அதைக் காரணம் காட்டி ஆட்களின் கூலியில் பாதியை அந்த நாற்பது நாளும் நிறுத்தி வைப்பேன். காய் பறிக்கும்போது காம்பிலிருந்து வடியும் பால் பட்டுக் கழுத்தெல்லாம் வெந்து புண்ணாகியிருக்கும் ஒருவர், சனிக்கிழமை மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்று, அடுத்த வாரம் ஆகட்டும் என்று நான் சொன்னதைக் கேட்டுத் தலையை அசைத்துவிட்டுப் போவார். பூசைக்குப் போக முடிந்த ஞாயிறு என்றால், மறுநாள் காலை நான் முதல் வரிசையில் உட்கார்ந்து வாசகம் வாசிப்பேன். நம் விவிலியத்தில் தோபித்து தன் மகனுக்குச் சொல்லும் அறிவுரையில், வேலை செய்தவருக்குக் கூலியை அன்றே கொடுத்துவிடு, இரவு தங்கவிடாதே என்று ஓரிடம் வருகிறது. நான்காம் அதிகாரம். வேலையாளின் கூலியை மறுப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று மறைக்கல்வியும் சொல்கிறது. கொலையும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. இப்போது பருவம் தொடங்கும் முன்பே கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்கிக் கூலிக்கென்று தனியே வைத்துவிடுகிறேன். வட்டி என் செலவு. மனைவிக்கு இதில் வருத்தம் உண்டு, நகை அவளுடையது.

மறுமொழி 5: பழைய இன்ஸ்பெக்டர், ஓசூர்

மாந்தோப்புக்காரரின் பதிவைப் படித்த பிறகு, கேள்வி கேட்ட தம்பியின் பதிவை மீண்டும் ஒரு முறை படித்தேன். நானும் இருபத்திரண்டு ஆண்டுகள் தரப் பரிசோதனையில் இருந்தவன் என்பதால் என் கண் வேறு இடத்தில் நின்றது.

தம்பி, எந்தச் சட்டமும் உங்களைக் குற்றவாளி என்று சொல்லாத ஒன்றுக்காக நான்கு பத்தி எழுதியிருக்கிறீர்கள். எந்த விலக்கும் இல்லாத ஒன்றை இரண்டு வரியில் சொல்லி, அது வேறு விஷயம் என்று முடித்துவிட்டீர்கள்.

நான் அதைச் செய்ததே இல்லை என்று நினைத்துக் கொள்ளாதீர்கள். விடியற்காலை நாலரை மணிக்கு அந்தப் பக்கம் எப்படி நிரம்பும் என்று எனக்குத் தெரியும். மைக்ரோமீட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். 11.97 என்று எழுதுவோம். அடுத்து 11.98. மூன்றாவதும் 11.98 என்று எழுதினால் தணிக்கையாளருக்குச் சந்தேகம் வரும் என்று 11.96 எழுதுவோம். மையின் நிறம்கூட ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று பேனாவை மாற்றுவோம். பொய் உண்மையைப் போல இருப்பதற்கு நாம் எடுக்கும் சிரமத்தில் பாதியை எடுத்தால் ஐந்து உருப்படியையும் அளந்தே முடித்திருக்கலாம். நீங்கள் அளப்பது எந்தப் பாகம் என்று எழுதவில்லை. சக்கரத்தில் போகும் பாகமா, மேல் மூடியில் போகும் பாகமா என்பதைப் பொறுத்து இந்தக் குற்றத்தின் எடை மாறும். அந்த வண்டியில் பின்னால் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு யாரோ தொப்பூர்க் கணவாயில் இறங்கப் போகிறார்கள்.

மறைக்கல்வி நூலின் 2409ஆம் எண்ணை எடுத்துப் பாருங்கள். ஏழாம் கட்டளையாகிய களவு செய்யாதே என்பதன் கீழ், வரி ஏய்ப்பு, போலிப் பட்டியல் ஆகியவற்றோடு ஒரே மூச்சில் சரியாகச் செய்யப்படாத வேலையும் வருகிறது. இதோடு, பொய்ச்சான்று சொல்லாதே என்ற எட்டாம் கட்டளை தொடும் கையெழுத்து ஒன்றும் இருக்கிறது. உற்பத்தி இலக்கு கொடுத்து நெருக்கும் மேலிடத்துக்கும், ஒரே ஆளை மூன்று இயந்திரங்களுக்கு நிறுத்தும் நிர்வாகத்துக்கும் இதில் உங்களைவிடப் பெரிய பங்கு இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. அவர்களுடைய பங்கை அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இதைத் தனிக் கேள்வியாக நீங்கள் பிரித்ததில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பூசையில் காணிக்கை வேளையில் குருவானவர் அப்பத்தை உயர்த்திப் பிடித்து, நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனும் என்று சொல்கிறார் அல்லவா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கோட்பாட்டு விளக்கத்தின் 34ஆம் எண், பொதுநிலையினரின் குடும்ப வாழ்வும் அன்றாட உழைப்பும் உடல் மன ஓய்வும்கூட அந்த அப்பத்தோடு சேர்த்துத் தந்தைக்கு ஒப்புக்கொடுக்கப்படுவதாகக் கூறுகிறது. அப்படியானால் நீங்கள் போக முடியாமல் தவிக்கும் அந்தப் பூசையில் தட்டில் வைக்கப்படுவது உங்கள் பதிவேடும்தான். நாலரை மணிக்கு எழுதிய பக்கத்தையும் சேர்த்து. ஐந்து மாதங்களாக நற்கருணை வாங்காததற்கு வேறு காரணமும் மனத்தின் அடியில் இருந்திருக்குமோ என்று எனக்கு ஓர் ஐயம்; தவறாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

நான் எப்படி விட்டேன் என்று கேட்பீர்கள். ஒரே நாளில் விடவில்லை. முதலில் ஐந்தில் இரண்டை அளந்து இரண்டு மட்டுமே எழுதினேன், மற்ற மூன்று கட்டத்தில் கோடு போட்டேன். சூப்பர்வைசர் கத்தினார். நேரம் இல்லை என்று காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டேன். கோடு விழுந்த பக்கங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தபோது தணிக்கை வருமுன் அவர்களாகவே அந்த வரிசைக்கு இன்னோர் ஆளைப் போட்டார்கள். எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். எனக்கு அந்த ஆண்டு ஊதிய உயர்வு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வந்தது.

மறுமொழி 6: மூன்றாம் ஷிஃப்ட், ஓசூர்

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை. பழைய இன்ஸ்பெக்டர் ஐயாவின் பதிவைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. நான் அளப்பது இருசக்கர வாகனத்தின் முன்சக்கர அச்சு.

செவ்வாய்க்கிழமை விடுமுறையில் பங்குத்தந்தையைப் பார்த்தேன். ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்துவிட்டு, இரவு வேலை முடிந்து வந்து உறங்கிப்போகும் ஞாயிறுகளுக்கு விலக்குத் தருவதாகச் சொன்னார். இயன்ற வாரங்களில் சனிக்கிழமை மாலைக்கு வரச் சொன்னார். எழுந்திருக்கப் போனேன். பிறகு உட்கார்ந்து பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் பேசியதை இங்கே எழுத விரும்பவில்லை.

கடந்த வாரம் இரவு ஷிஃப்ட். வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து உருப்படியையும் எடுத்து அளந்தேன். நான்காவது அச்சு 12.03 காட்டியது, இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. மைக்ரோமீட்டரைத் துடைத்துவிட்டு மீண்டும் அளந்தேன், அதேதான். எழுதிக்கொண்டுபோய்க் காட்டியதும் சூப்பர்வைசர் வரிசையை நிறுத்தினார். கருவியின் முனை தேய்ந்திருந்தது, மாற்றினார்கள். இருபது நிமிடம். அந்த மணி நேரத்தில் செய்த அச்சுகள் எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டியிருந்ததால் ஷிஃப்ட் முடிந்தும் ஒரு மணி நேரம் அதிகமாக நின்றேன். சூப்பர்வைசர் என்னோடு அதிகம் பேசவில்லை. இதற்கு முன் எத்தனை அச்சு இப்படிப் போயிருக்கும் என்ற கணக்கை என்னால் போட முடியவில்லை. போடாமல் இருக்கவும் முடியவில்லை. முன்பு எழுதிய பக்கங்களைப் பற்றி மேலதிகாரியிடம் சொல்ல வேண்டுமா என்பதையும் பங்குத்தந்தையிடம் மறுபடி கேட்க வேண்டும்.

ஆசிரியை சகோதரிக்கு: நேற்று பாத்திரங்களை நான் கழுவினேன். மனைவி சமையல் மேடையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இட்லித் தட்டின் குழிகளில் மாவு ஒட்டியிருக்கிறது என்று இரண்டு முறை திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு பத்துமணி சொன்னோம். பாதியில் சின்னவன் தூங்கிவிட்டான்.

அடுத்த வாரம் காலை ஷிஃப்ட், இரண்டரை மணிக்கு வேலை முடியும். மனைவிக்கும் சனிக்கிழமை பகல் பணிதான். மாலைப் பூசைக்கு நால்வரும் போவதாக இருக்கிறோம். தீபாவளி வாரத்தில் ஆள் மாற்றிக்கொள்வது பற்றி எங்கள் பிரிவில் ஒருவரிடம் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார்.